கம்பளத்தில் நழுவிய தாள்கள்

அவள் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ஐந்து வயதில் விஷக் காய்ச்சலை ஜெயித்தாள். அந்தக் காய்ச்சலால் பள்ளிக்கூடம் போக முடியாமல் போனது. எழுத்தே தெரியாமல் வானொலி நிலையத்தின் குரல் தேர்வை ஜெயித்தாள். இருபத்து நான்கு பேர் வந்த இடத்தில் இவளைத்தான் எடுத்தார்கள். முந்நூறு நாடகங்களுக்குக் குறையாமல் நடித்தாள். ஒரு வசனம்கூடப் பிசகியதில்லை. இவ்வளவும் ஒரே பகலில் கைவிட்டுப் போக இருந்தது.

அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது தையற்கடை வைத்திருந்த அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். நாடகத் தாள்கள் வீட்டுக்கு வந்ததும் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு வாய்விட்டுப் படிப்பாள். தங்கை எதிரே உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பாள். பொத்தானுக்கு ஒரு வசனம். சட்டைகள் முடியும்போது நாடகமும் மனசில் ஏறியிருக்கும். ஒப்பந்தத் தாளில் தங்கையின் பெயரை அக்காவே கையெழுத்தாகப் போட்டு அனுப்புவாள்.

நிலையத்தில் எல்லோரும் மைக்குக்கு முன்னால் தாளோடுதான் நிற்பார்கள். பக்கத்தைப் புரட்டினால் அந்தச் சரசரப்பு ஊர் முழுக்கக் கேட்டுவிடும். அதனால் முடித்த பக்கத்தை அப்படியே கம்பளத்தின் மேல் நழுவவிட வேண்டும். தங்கையும் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் இருப்பவர் நழுவவிட்டால் இவளும் நழுவவிடுவாள்.

ஒரு தொடர்நாடகத்தில் செத்துப்போனவள் ஒருத்தி போனில் பேசுவாள். "நான்தாங்க. கதவைத் திறங்க." பேச்சு எப்போதும் அதில்தான் முடியும். கேட்டவர்கள் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் படுத்தார்கள் என்று சொல்வார்கள். பெயரைச் சொன்னால் பயம் போய்விடும் என்று, அந்தக் குரல் யாருடையது என்பதை நிலையத்தார் கடைசிவரை அறிவிக்கவில்லை. கூட நடித்தவர்களுக்கு மட்டும் அவள் 'போன் பேய்'. "பேய்க்கு முதல்ல டீ குடுப்பா, இல்லேன்னா உன் வீட்டுக்குத்தான் அடுத்த போன்" என்று கேலி செய்வார்கள்.

தொடரின் கடைசி நாளன்று அவசரத்தில் போன வாரத்து நாடகத்தின் தாள்களை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். வசனம் ஒன்றும் தவறவில்லை. ஒலிபரப்பு முடிந்ததும் கம்பளத்தில் கிடந்த தாள்களைப் பொறுக்கிய நாடக உதவியாளர், ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். சிரித்தார்.

"அந்தச் சிரிப்பு என் முதுகுலயே ஒட்டிக்கிட்டிருக்குக்கா" என்று பல வருஷம் கழித்தும் சொல்லுவாள்.

வானொலி கொடிகட்டிப் பறந்த காலத்தைப் பற்றி ஒரு சினிமா எடுக்க வந்தார்கள். அந்த உதவியாளர்தான் படத்துக்கு ஆலோசகர். நடிக்கக் கூப்பிட்ட சந்தோஷம் அடங்குவதற்குள் அவரே கடைக்கு வந்து நின்றார்.

"அந்தப் போன் குரல் என் வீட்டுக்காரியோடதுன்னு படத்துல வரப்போகுதும்மா. நீ பக்கத்துல நின்னு பார்த்தேன்னு கேமரா முன்னால ஒரு வார்த்தை சொல்லிடு."

"என் குரலை நான் ஏங்க இன்னொருத்தருக்குத் தூக்கிக் குடுக்கணும்?"

"உன் குரலா?" அவர் பொத்தான் டப்பாவை எடுத்து மெதுவாகக் குலுக்கினார். "எழுத்து தெரியாதவ நாடகத்துல நடிச்சான்னா யார் நம்புவா? ஒப்பந்தத்துல இருக்கற கையெழுத்துகூட உன் அக்காளோடது. தையல் போட்ட மாதிரி நேரா இருக்கு."

அக்காவின் கத்தரிக்கோல் துணியில் பாதியிலேயே நின்றது.

"நாளைக்கு உன் கையில புதுத் தாள் குடுப்பாங்க. ரேடியோவுல உன் கண்ணை யாரும் பார்க்கல. கேமரா பார்க்கும்." டப்பாவை மூடாமல் வைத்துவிட்டுப் போனார்.

"போகாதடி. காய்ச்சல்னு சொல்லிடலாம்."

"அந்தக் காய்ச்சல் ஒரு தடவை வந்ததே போதும்க்கா."

பழைய கிடங்கு ஒன்றில் வானொலி அறையை அப்படியே கட்டியிருந்தார்கள். அதே கம்பளம், அதே மாதிரி மைக், கம்பி இல்லாத ஒரு போன். காவலாளி கனமான கதவைச் சாத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. கூட வந்த அக்கா சுவரோரமாக நின்றாள். ஆலோசகர் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"புதுசா எழுதினதும்மா. பார்த்துப் படிச்சாலே போதும்" என்று இளம் டைரக்டர் தாளை நீட்டினார்.

தங்கை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. யாரோ இருமப் போய் அடக்கிக்கொண்டார்கள். தாள் அவள் கையிலிருந்து நழுவிக் கம்பளத்தில் சத்தமில்லாமல் விழுந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. எப்பவுமே தெரியாது."

"நான்தான் சொன்னேனே, அந்தக் குரல் இவளோடது இல்லேன்னு" என்றார் ஆலோசகர்.

"அந்த ஐயாவையே ஒரு தடவை படிக்கச் சொல்லுங்க."

டைரக்டர் அவரைப் பார்த்தார். வேறு வழியில்லை. ஆலோசகர் கடன் கழிப்பது போல, வேண்டுமென்றே மூச்சுவிடாமல் படித்து முடித்தார். தங்கையின் ஒரு கை இறுக மூடியிருந்தது. அதற்குள் ஒரு பொத்தான் இருப்பது அக்காவுக்குத் தெரியும்.

பிறகு அவள் பேசினாள். தாளில் இருந்த அத்தனையும், அந்தக் குரலில். விளக்குப் பிடித்திருந்தவர் கம்பியில்லாத போனையே வெறித்துப் பார்த்தார். தாளில் இல்லாத ஒன்றையும் கடைசியில் சேர்த்தாள், மிக மெதுவாக: "நான்தாங்க. கதவைத் திறங்க."

காவலாளி கதவைத் திறந்துவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே ஏன் திறந்தோம் என்று தெரியவில்லை. "அந்தத் தொடரை எங்கம்மா கேட்கும்போது நான் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுப்பேன்" என்றார் டைரக்டர்.

ஆலோசகர் கிளம்பும்போது அக்காவின் காதோரம் குனிந்தார். "எடுத்ததெல்லாம் படத்துல வந்துடாதும்மா. வெட்டறதுக்குன்னு ஒரு ரூம் இருக்கு." அதே சிரிப்பு.

அக்கா பதறிப்போய் அதை டைரக்டரிடம் சொன்னாள். "வெட்ட முடியாத மாதிரி எழுதித் தரேன். போன் குரல் இவங்களோடதுன்னு டைட்டில்லயே வரும். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார் அவர். பழக்கதோஷத்தில் அக்கா பேனாவை எடுத்தாள். தங்கை அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இதை நான்தான் போடணும்க்கா. நாளைக்கு அந்த ஆளு இதையும் எடுத்துக் காட்டுவாரு."

ஒப்பந்தம் ஒரு வாரம் காத்திருந்தது. வெட்டு மேஜையில், துணிமேல் கோடு போடும் சாக்குக்கட்டியால் அக்கா எழுத, அதன் மேலேயே தங்கை எழுதிப் பழகினாள். அழித்து அழித்து மேஜையே வெளுத்துப்போனது. கடைசியில் போட்ட கையெழுத்து நேராக இல்லை. கடைசி எழுத்து கோட்டைவிட்டுக் கீழே இறங்கியிருந்தது. அக்கா அதைத் திருத்தச் சொல்லவில்லை.

அவள் தன் பெயரை முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள்: 1986 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை.