காகிதத்தைக் கொளுத்தியவர்

எண்பதுகளின் தொடக்கத்தில், கொச்சி மட்டாஞ்சேரியில் நான் கணக்கெழுதிய கயிற்றுக் கிடங்கில் புகை கண்டறியும் கருவி மாட்ட வந்தவர் அவர். ஒல்லியான பாலக்காட்டுத் தமிழர். புகைபிடிக்க மாட்டார், ஆனால் பேசும்போது சட்டைப்பைத் தீப்பெட்டியைத் தடவிக்கொண்டே இருப்பார்.

வேலை முடிந்ததும் முதலாளி முன்னால் காகிதத்தைக் கொளுத்திக் கருவிக்குக் கீழே பிடித்தார். அது உடனே அலறியது. முதலாளியோடு நானும் கைதட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்ததும், ஏன் தலைகுனிந்தீர்கள் என்று கேட்டேன்.

"கயிறு காகிதம் மாதிரி எரியாது, சாரே. உள்ளேயே புகைஞ்சிண்டிருக்கும். அதுக்கு வெளிச்சம் வச்ச கருவி வேணும். புகை பட்டு வெளிச்சம் சிதறினா மணி அடிக்கும். நான் மாட்டினது வேற ரகம், இதுல காத்து வழியா துளி கரண்ட் ஓடறது. கொழுந்துவிட்டு எரியற தீயோட பொடிப்புகை அதைச் சட்டுனு தடுக்கும். கயித்துப் புகைக்கு இது லேட்டாத்தான் கத்தும்."

"முதலாளிகிட்ட சொல்லலாமே?"

"கம்பெனி இதைத்தான் விக்கச் சொல்றது. அதான் காகிதத்தைக் கொளுத்தினேன்."

பிறகு வாசலில் ஒரு கயிற்றுத் துண்டைப் புகையவிட்டுக் காவல்காரரின் மூக்கருகே நீட்டினார். "சேட்டா, இந்த மணம் வந்தா மணி அடிக்கட்டும்னு காத்து நிக்கண்டா, உடனே ஆளைக் கூப்பிடணும்."

முதலாளியிடம் நானும் வாய் திறக்கவில்லை. கைதட்டியவன் எந்த முகத்தோடு சொல்வது? அதன்பிறகு கிடங்கைத் திறக்கும் ஒவ்வொரு காலையிலும், கூரையைப் பார்க்காமல், முதலில் மூச்சை இழுத்துப் பார்ப்பேன்.