கதவில் நின்ற சிவப்பு எழுத்துகள்

என் சித்தி கார் ஓட்டக் கற்றுத் தருகிறாள். இதை யாரிடம் சொன்னாலும், "அது அவங்க வீட்டுக்காரரோட அண்ணன் நடத்துற ஸ்கூல்தானே?" என்று கேட்கிறார்கள். இல்லை. இப்போது இல்லை. அது எப்படி இல்லாமல் போனது என்று எங்கள் தெருவில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்கும் வாசலுக்கும் நான் நடந்துகொண்டிருந்த சமயத்தில் நடந்தது அது. அன்றைக்குக் கையெல்லாம் பசையோடு பக்கத்தில் நின்றவள் நான். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. ஆள் குள்ளம், குரல் மட்டும் பஸ் ஹாரன். பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் தனியாக ஒரு பிரேக் உண்டு. அது காலுக்கு எட்டவேண்டும் என்று சீட்டை முன்னால் இழுத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகிக்கொள்வாள். ஆனால் அந்த பிரேக்கை அவள் மிதித்து நான் பார்த்ததில்லை.

"நீங்க மிதிச்சிருக்கலாம்ல சித்தி?" என்று ஒருமுறை கேட்டேன். ஒரு தண்ணீர் லாரியின் பின்பக்கத்தை முத்தமிடப் போய், கடைசி நொடியில் நானே நிறுத்தியிருந்தேன்.

"நான் மிதிச்சிருந்தா நீ நிறுத்தியிருக்க மாட்ட. நாளைக்குத் தனியா போறப்ப எவ மிதிப்பா? உங்கம்மாவா? எடு, ஃபர்ஸ்ட் கியர் போடு."

பயிற்சிப் பள்ளி சித்தப்பாவும் அவர் அண்ணனும் சேர்ந்து ஆரம்பித்தது. பெயரே 'சகோதரர்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி'. அந்த அண்ணனை ஊரில் எல்லோரும் பெரியவர் என்பார்கள். பெண்கள் நிறையப் பேர் கற்றுக்கொள்ள வந்ததும், பெண் ஒருத்தி சொல்லித் தந்தால் நன்றாக இருக்கும் என்று சித்தப்பா ஒரு சிவப்புக் காரை சித்தியின் பெயரிலேயே வாங்கினார். பயிற்சி தருவதற்கான உரிமத்தையும் அவள் பரீட்சை எழுதி வாங்கினாள். ஆனால் பள்ளியில் அவளுக்குப் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் அடையாள அட்டையில் 'உதவியாளர்' என்றுதான் இருந்தது. அச்சில் தப்பு வந்துவிட்டது, மாற்றித் தருகிறேன் என்றார் பெரியவர். சித்தப்பா இறந்து, அதற்கப்புறம் காருக்குப் பலமுறை டயர் மாற்றியாகிவிட்டது. அட்டை மாறவில்லை.

கார் வந்த புதிதில் பெயரை இரண்டு பக்கக் கதவுகளிலும் ஸ்டிக்கர் எழுத்தாக வெட்டி ஒட்டினார்கள். தெருப் பிள்ளைகள் எழுத்துகளை நோண்டுகிறார்கள் என்று பெரியவர், 'சகோதரர்கள்' என்ற சொல்லுக்கு மட்டும், ஓரமெல்லாம் செருப்புக் கடைப் பசையைத் தன் கையாலேயே தடவினார். "மத்தது போனாலும் பரவால்ல, பேரு நிக்கணும்" என்றாராம். இதைச் சித்தி சிரித்துக்கொண்டே பலமுறை சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

பிரச்சினை ஒரு புதன்கிழமை அலுவலகத்தில் ஆரம்பித்தது. நானும் அங்கே இருந்தேன். பெரியவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சாதாரணமாகச் சொன்னார்.

"இனிமே நீ இங்க உக்காந்து போனை எடும்மா. வெயில்ல எதுக்கு அலையணும்? உன் காரை என் பையன் எடுத்துக்கட்டும். லேடீஸுக்கு அவனே சொல்லிக் குடுப்பான்."

"அவனுக்கே நான்தானே அத்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அதான், நல்லா கத்துக்கிட்டான்ல?"

"கார் என்கிட்டயே இருக்கட்டும். போனை வேணா அவன் எடுக்கட்டும். எந்நேரமும் அவன் கையிலதானே இருக்கு, புதுசா எதுவும் கத்துக்க வேண்டாம்."

மூலையில் போனை நோண்டிக்கொண்டிருந்த பையன் தலை நிமிரவில்லை. பெரியவரின் முகம்தான் மாறியது. "கார் உன்னுதா இருக்கலாம். கதவுல இருக்கறது என் பேரு. சனிக்கிழமை டெஸ்ட் மைதானத்துக்கு அந்தப் பேரோட வந்து பாரு. என் பேரைத் திருட்டுத்தனமா வச்சு ஓட்டுறாள்னு ஆபீசர்கிட்ட நானே சொல்லி, வண்டியை வெளிய நிறுத்த வைப்பேன்."

சித்தி கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினாள். மேஜைமேல் வீசப்போகிறாள் என்று நினைத்தேன். கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "சரிங்க அத்தான், சனிக்கிழமை பாக்கலாம்."

அந்தச் சனிக்கிழமை லைசென்ஸ் டெஸ்ட் எங்கள் மூன்று பேருக்கு. ஒரு நர்ஸ், ஒரு தையல்கார அக்கா, நான். மூவரும் பழகியது அந்த ஒரு காரில்தான். அதன் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்று எங்கள் கால்களுக்கு மட்டும்தான் தெரியும். கார் உள்ளே போகாவிட்டால் நாங்கள் மூவரும் வெளியே. சித்தி இனி தனியாகப் பள்ளி நடத்தப்போகிறாள்; அதை ஆரம்பிப்பதற்கு முன்பே, அவளை நம்பினால் மைதான வாசல் வரைதான் போகமுடியும் என்று ஊர் சொல்லிவிடும். பெரியவர் கணக்கு அதுதான்.

கதவிலிருந்த எழுத்தை எடுக்க வியாழக்கிழமை ஸ்டிக்கர் கடைக்குப் போனோம். கடைக்காரர் காரைப் பார்த்ததுமே தலையைச் சொறிந்தார். "அக்கா, பெரியவர் போன் பண்ணிட்டாரு. அவர் வண்டியெல்லாம் என்கிட்டதான் வருது. தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பாத்தான் எடுத்துப்பேன்" என்றாள் சித்தி. பெயின்ட் அடிக்கும் பட்டறையிலும் அதே பதில், கூட ஒரு டீ மட்டும். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டோம்.

ஆக, வெள்ளிக்கிழமை காலையில் வீட்டு வாசலில் நாங்களே இறங்கினோம். விஷயம் கேள்விப்பட்டு மற்ற இருவரும் வந்தார்கள். தையல்கார அக்கா கையில் இஸ்திரிப் பெட்டி.

"சூடு காட்டினா ஸ்டிக்கர் இளகும்னு சொன்னாங்க. இதை வச்சு ஒரு இழு இழுத்தா..."

"எதுக்கு, காருக்கு மடிப்பு எடுக்கவா? உள்ள வை தாயே."

இன்னொரு கையில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் வைத்திருந்தாள். அதையும் சித்தி வாங்கித் தூர வைத்தாள். அது பசையைத் தின்று முடித்துவிட்டு பெயின்ட்டையும் தின்னுமாம். கடைசியில் நான் தலைமுடி காயவைக்கும் டிரையர்தான் வேலைக்கு ஆனது. காரை நிழலில் நிறுத்தி, தூசியைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சூடு காட்டினோம். ஓரத்தைத் தூக்க நகம் போதவில்லை. பிளேடு வைத்தால் கீறும். சித்தி கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்தாள்.

"உதவியாளர்னு போட்டிருக்குல்ல? உதவட்டும்."

அட்டையின் விளிம்பை எழுத்துக்கு அடியில் கொடுத்து, கதவோடு படுத்தவாக்கில் மெதுவாக இழுத்தால் எழுத்து வந்தது. அவசரப்பட்டால் பாதியில் கிழிந்தது. 'பள்ளி' முழுசாக வந்தது. 'பயிற்சி' துண்டு துண்டாக வந்தது. உரித்த இடமெல்லாம் பசை மிச்சமிருந்தது. விரல் வைத்தால் விரல் ஒட்டியது, துணி வைத்தால் துணியின் நூல் ஒட்டியது. நான் தேய்க்கத் தேய்க்க அது உருண்டு, அழுக்கைச் சேர்த்துக்கொண்டு கறுப்பானது.

நர்ஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஏய், தேய்க்காத. நோயாளி கையில பிளாஸ்டர் பசை இருந்தா இப்படியா பிறாண்டுவோம்? எண்ணெயைத் தடவிட்டுச் சும்மா இரு. அதுவா விடும்."

சமையல் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து ஒற்றிவிட்டு உட்கார்ந்தோம். உட்கார்ந்திருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அட்டையால் வழித்தபோது பசை கூழ் மாதிரி வந்தது. வழித்ததையெல்லாம் சித்தி அந்த அட்டையின் மேலேயே சேர்த்து வைத்தாள், கிழிந்த எழுத்துகளோடு. பிறகு எண்ணெய்ப் பிசுக்கு போக சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்தோம்.

துடைத்துவிட்டு நிமிர்ந்தால், எழுத்துகள் அப்படியே இருந்தன.

விரலால் தடவினால் ஒன்றும் இல்லை, வழுவழுவென்று இருந்தது. ஆனால் கண்ணுக்கு 'ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி' பளிச்சென்று தெரிந்தது. இத்தனை வருஷ வெயிலில் கதவு முழுக்க வெளுத்துவிட்டிருந்தது. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த இடம் மட்டும் வாங்கிய அன்றைக்கு இருந்த சிவப்பிலேயே நின்றது. தையல்கார அக்கா தலையில் கை வைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சரியாக அந்த நேரத்தில் பெரியவரின் கார் வந்து நின்றது. பையன்தான் ஓட்டிவந்தான். பெரியவர் இறங்கக்கூட இல்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார். கதவைப் பார்த்தார். சிரித்தார்.

"என்னம்மா, போக மாட்டேங்குதா? வெயிலே என் பக்கம் நிக்குது, நீ யார்கிட்ட மல்லுக்கு நிக்கிற? இன்னும் பேரையே தொடல போலிருக்கே. அதுல என் கைப்பசை இருக்கு, தெரியும்ல?"

"தெரியும் அத்தான். அதைக் கடைசிக்குன்னு வச்சிருக்கேன்."

"பேசாம திங்கக்கிழமை ஆபீஸுக்கு வந்துரு. போன் அடிச்சுட்டே கெடக்கு."

"அதைக்கூட எடுக்காதவனை வச்சு எதுக்கு கார் ஓட்டுறீங்க?"

பையன் பதறிக் காரைக் கிளப்பப் போய்க் கிளட்சைச் சட்டென்று விட்டான். கார் குலுங்கி நின்றுவிட்டது. "ஃபர்ஸ்ட் கியர்டா தம்பி, தேர்டு போட்டிருக்க!" என்று சித்தி தெருவே கேட்கக் கத்தினாள். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர்கள் போனபிறகு சிரிப்பு நின்றது. சித்தி 'சகோதரர்கள்' முன்னால் குந்தி உட்கார்ந்தாள். பெரியவர் சொன்னது உண்மைதான். எழுத்து உரிந்தது, ஆனால் செருப்புப் பசை காய்ந்து மஞ்சள் கல்லாக நின்றது. டிரையருக்கு மசியவில்லை, எண்ணெய்க்கும் மசியவில்லை. மண்ணெண்ணெயை முதலில் பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் ஒரு துளி வைத்துப் பார்த்தாள், பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. துணியில் நனைத்துப் பசையின் மேல் போட்டாள். காத்திருந்தாள், வழித்தாள், மறுபடி போட்டாள். கல் கரைந்தது, மஞ்சள் கறை மட்டும் போகவில்லை.

"இதுக்கு ரப்பிங் காம்பவுண்டுதான்" என்று உள்ளே போய் ஒரு டப்பா கொண்டுவந்தாள். பழைய பெயின்ட்டின் மேல்தோலைச் சன்னமாகத் தேய்த்து எடுக்கும் பசை அது. இரண்டு பக்கமும் அந்த ஒரு சொல் இருந்த இடத்தை, ஒரு சதுரமாக, நாங்கள் நால்வரும் மாறி மாறித் தேய்த்தோம். கை கழன்றது. சித்தி எழுந்திருக்கவே இல்லை.

ஈரத் துணியால் அவள் துடைத்தபோது நர்ஸ்தான் முதலில் கத்தினாள். "மேடம், பேரைக் காணோம்!"

காணோம்தான். காம்பவுண்டு வெளுத்த தோலை எடுத்துவிட்டதால் சுற்றி இருந்த இடமும் எழுத்து இருந்த இடமும் ஒரே சிவப்பாகிவிட்டன. பெரியவர் பெயர் நிற்கவேண்டும் என்று பசை போட்டார். அந்தப் பசைக்காகத் தேய்த்ததில், போனது அந்த ஒரு சொல் மட்டும். அவர் கைவைக்காத மூன்று சொற்களும் கதவில் அப்படியே நின்றன.

"மிச்சத்தையும் தேய்ச்சிரலாம் சித்தி" என்று நான் துணியை எடுத்தேன்.

சித்தி கொஞ்சம் தள்ளி நின்று கதவைப் படித்தாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. "வேண்டாம், வை. அது யார் பேரும் இல்ல. நான் பாக்குற வேலை. அதை எதுக்கு அழிக்கணும்?"

சனிக்கிழமை காலை மைதானத்துக்குள் எங்கள் கார் நுழைந்ததுமே பெரியவர் ஆபீசரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "பாருங்க சார், நான் சொன்னேன்ல. எழுத்து அப்படியே இருக்கு."

ஆபீசர் குனிந்து பார்த்தார். கதவைச் சுண்டு விரலால் சுரண்டியும் பார்த்தார். அந்தப் பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஓட்டுநர் பயிற்சிப் பள்ளின்னுதான் இருக்கு. இதுல உங்க பேரு எங்க?"

பெரியவர் பளபளத்த சதுரத்தைப் பார்த்தார்.

"யார் பள்ளிம்மா இது?" என்று ஆபீசர் கேட்டார்.

"என்னுது சார். உரிமம் என் பேர்லயே இருக்கு."

"சரி, வரிசைல நிறுத்துங்க."

நர்ஸ் ஒரு தப்பும் இல்லாமல் ஓட்டிக் காட்டினாள். தையல்கார அக்கா மேட்டில் இன்ஜினை அணையவிட்டாள், பிறகு தானே எடுத்து ஏறிவிட்டாள். நான் பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துத் தோற்றேன். அதைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு, வெட்கம் இல்லை. அடுத்த மாதம் மறுபடி போகிறேன், அதே காரில்.

கிளம்பும்போது சித்தி பெரியவரிடம் போனாள். கைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தாள். அதன் மேல் வழித்த பசையும், கிழிந்த எழுத்துகளும், அழுக்கும் சேர்ந்து ஒரு பெரிய உருண்டை. 'உதவியாளர்' அதற்கு அடியில் எங்கேயோ இருந்தது.

"இந்தாங்க அத்தான், உங்க பேரு. ஒண்ணு விடாம கொண்டுவந்திருக்கேன். பாத்துப் பிடிங்க, ஒட்டும்."

அவர் யோசிக்காமல் கையை நீட்டி வாங்கிவிட்டார். நான் காரை மைதானத்தை விட்டு வெளியே வளைக்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றி உதறிக்கொண்டிருந்தார்.

"பின்னால என்ன வேடிக்கை?" என்றாள் சித்தி. "முன்னால பாரு."