கிழட்டு நாய்க்கு ஊசி போடாத டாக்டர்

குட்டியாக இருக்கும்போது கொஞ்சத் தெருவே திரண்டு வரும். கிழடு தட்டிவிட்டால் டாக்டரை மட்டும் கூப்பிடுவார்கள். மதுரையைச் சுற்றி வீடு வீடாகப் போய் வயதான நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்ப்பது என் பிழைப்பு. வீட்டில் அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு அல்லாடும் உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?

கால் நிமிட வித்தை

திருநகரில் தனியாக வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியருக்குப் பதினாறு வயதுப் பூனை. நெத்திலிக்குள் மாத்திரையை ஒளித்து வைத்தால், மீனைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் துப்பிவிட்டுப் போகும். நான் ஒரு துண்டால் அதைக் கழுத்து வரை சுற்றி, வாயைத் திறந்து மாத்திரையைத் தள்ளி, தொண்டையைத் தடவிக் கொடுத்தேன். விழுங்கிவிட்டது. கால் நிமிடம்கூட ஆகவில்லை. இந்த விஷயத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, கையில் ஒரு கீறல்கூட இல்லை.

சார் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியே எனக்கும் ஒருக்கா சுத்தி விட்டுட்டுப் போங்கம்மா. பிரஷர் மாத்திரை போட்டு மூணு நாளாச்சு."

பால் காய்ச்சின வீடு

சமயநல்லூர் விவசாயி முத்தையா அண்ணன் போனில் கேட்டது ஒன்றுதான்: வீரனுக்குக் கடைசி ஊசி போட வேண்டும். வீரன் பதின்மூன்று வருடம் அவர் தோட்டத்தையும் வீட்டையும் காத்த நாய். போய்ப் பார்த்தால் ஹாலின் நடுவே நான்கு காலையும் பரப்பிக்கொண்டு கிடந்தது. கழுத்தில் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு. அண்ணனின் மனைவி பாண்டியம்மா அழுது முகம் வீங்கியிருந்தார்.

"எப்போதிலிருந்து இப்படி?" என்றேன்.

"பால் காய்ச்சி இங்க குடி வந்ததுல இருந்துதான். புது வீட்டு மேல விழுந்த கண்ணை இது வாங்கிக்கிருச்சு, டாக்டரம்மா."

குனிந்து தரையைப் பார்த்தேன். என் முகமே தெரிந்தது, அப்படி ஒரு டைல்ஸ். ஊசிப் பெட்டியை மூடிவிட்டு, அண்ணனும் நானுமாக வீரனைத் தூக்கி வாசல் மண்ணில் விட்டோம். கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு மெல்ல எழுந்து, தள்ளாடிப் போய் முருங்கை மரத்தடியில் காலைத் தூக்கியது. மூட்டுவலி இருக்கத்தான் செய்தது, அதற்கு மருந்து இருக்கிறது. வழுக்கும் தரையில் அதற்குப் பிடிமானம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அண்ணன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அடப்பாவி, நான் போட்ட டைல்ஸுக்காடா உன்னையக் கொல்லப் பாத்தேன்?"

தரை எங்கே?

இரண்டு வாரம் கழித்துப் போனேன். வாசலிலிருந்து அடுப்படி வரை சணல் சாக்கு விரித்து, ஓரங்களை ஒட்டியிருந்தார்கள். அதன்மேல் வீரன் பொறுமையாக நடந்து வந்து என்னைப் பார்த்துக் குரைத்தது. அந்தக் குரைப்பை ஒரு விருதாகவே எடுத்துக்கொண்டேன்.

"சொந்தக்காரங்க புது வீடு பாக்க வந்தா, டைல்ஸ் எங்கன்னு கேக்குறாங்க" என்று குறைப்பட்டார் பாண்டியம்மா. "எம்புட்டு ஆசையாப் போட்டது!"

அண்ணன் நாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"டைல்ஸ் எல்லா வீட்லயும் கெடக்கு. இவன் நடக்குறதைக் காட்டு."

ஐந்தரை வருடம் மாடாய் உழைத்துப் படித்த படிப்பில், நான் மார்தட்டிச் சொல்லிக்கொள்ளும் வைத்தியம் பத்துச் சணல் சாக்கு.