ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர்

அப்பாவுக்கு இரண்டு கண்களிலும் நடுப்பார்வை மங்கிவருவது வீட்டில் மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். ஞாயிறுதோறும் கொல்கத்தாவின் டாலிகஞ்சில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடும் வயலின் குழுவில் யாருக்கும் தெரியாது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பும் ஒரே இடம் அது. "தெரிஞ்சா, சும்மா வந்து கேட்டுட்டுப் போங்கன்னு சொல்லிடுவாங்க" என்றார்.

குழுவின் இசைத்தாள்களை அச்சுக்குத் தயாரிப்பவள் நான். நான் பயன்படுத்தும் மென்பொருளில் மவுஸால் இழுத்து வைக்க எதுவும் இல்லை. ஸ்வரங்களை எழுத்துகளாகவும் மாற்றங்களைக் கட்டளைகளாகவும் கோப்பில் எழுதினால், அது ஐந்து கோடுகளையும் ஸ்வரங்களையும் வரைந்து தரும். அப்பாவுக்காகப் பட்டியல் போட்டேன். கோடுகளின் அளவு இருபதிலிருந்து இருபத்தெட்டாக. கோடுகள் தடிமனாக. எந்த விரல் என்று காட்டும் எண்கள் வேண்டாம். வரிகளுக்கிடையே கூடுதல் இடம். எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். அப்பா ஜன்னலருகே நின்று முதல் பக்கத்தைத் தடங்கலில்லாமல் முணுமுணுத்தார்.

பட்டியலில் ஒன்று இல்லை. குழுவில் ஒரு ஸ்டாண்டை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வார்கள். இருவரும் வாசிப்பார்கள்; பக்கம் முடியும்போது ஒருவர் மட்டும் வில்லை நிறுத்தித் தாளைத் திருப்புவார். அப்பாவுக்குப் பல வருடங்களாகத் திருப்பித் தருபவர் பக்கத்து நாற்காலிக்காரர்; வங்காளிகள் சித்தப்பாவைக் கூப்பிடுவதுபோல நான் அவரைக் காக்கு என்பேன். பழைய தாள் நான்கு பக்கம். ஒரே ஒரு திருப்பம், அதுவும் இருவரும் வில்லை இறக்கி வைத்திருக்கும் நேரத்தில். என் தாள் எட்டுப் பக்கம். மூன்று திருப்பங்களும் வேகமான ஓட்டத்தின் நடுவில் விழுந்தன.

அந்த ஞாயிறு ஒத்திகையில் மூன்றாவது முறை காக்குவின் வில் நின்றபோது, குழுவின் நடத்துனர் கையை இறக்கி வாசிப்பை நிறுத்தினார். காக்கு தாளைத் தூக்கிக் காட்டி வங்காள மொழியில் கேட்டார். "என்ன அண்ணா, ஒண்ணாங்கிளாஸ் பாடப் புத்தகமா இது?"

எல்லோரும் சிரித்தார்கள். மகள் கம்ப்யூட்டரில் ஏதோ புதிதாகச் செய்து பார்க்கிறாள் என்று சொல்லி அப்பாவும் சிரித்தார். அளவு தவறிவிட்டது என்று பின்வரிசையிலிருந்து நானும் சொன்னேன். தனி ஸ்டாண்டு போடட்டுமா என்று நடத்துனர் கேட்டார். வேண்டாம் என்று அப்பா அவசரமாகச் சொன்ன விதத்தில் காக்குவின் சிரிப்பு நின்றுவிட்டது.

மெட்ரோவில் அப்பா மெதுவாகச் சொன்னார். "பழைய அளவுலயே போட்டுடும்மா."

"கண்ணுக்குத் தெரியாதேப்பா."

"மனப்பாடம் பண்ணிக்கறேன். தாள் முன்னால இருந்தாப் போதும்."

கோப்பில் ஒரு எண்ணை மாற்றினேன். எட்டுப் பக்கம் மறுபடி நான்கானது. பெரிய தாள்களை அப்பா அலமாரிக் கதவில் ஒட்டிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துக் காக்கு என்னைப் போனில் கூப்பிட்டு, அப்பாவின் கண் எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். கண்ணுக்கு ஒன்றுமில்லை, தவறு என்னுடையது என்றேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டார். அவரிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

குழு மேடையேறும் நிகழ்ச்சிக்கு இன்னும் எட்டு நாள். மனதில் ஏறாமல் அறுபது தாளக் கட்டங்கள் பாக்கி. ஒரே மாதிரி தொடங்கி வேறு வேறாக முடியும் இரண்டு இடங்கள்தான் அவரைப் படுத்துகின்றன. இன்று காலையும் இரண்டாவது இடத்தில் முதலாவதை வாசித்தார். நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவரே நிறுத்தி, அலமாரிக்குப் பக்கத்தில் போய், மூக்கு தாளில் உரச நின்று பார்த்தார்.