தொடாமல் நின்றவள்

காரிமங்கலத்துப் பக்கம் கரண்டுக் கம்பி வந்த புதிதில், கம்பம் நட்ட ஆட்களுக்குத் தண்ணீர் சுமந்தவள் நஞ்சம்மாள். அவர்களில் ஒருவர் சொன்னது அவள் மனதில் தங்கிவிட்டது. "கம்பி அறுந்து கெடந்தா கிட்டப் போவாதம்மா. அதுல மாட்டுனவங்களயும் தொடாத. தொட்டா நீயும் சேந்து போயிடுவ."

நாற்பத்தொன்றாம் வருஷம் மாசியில் அவள் புருஷன் மாயவன் புளி உலுக்க மரமேறினான். கம்பியை ஒட்டிய கிளையில்தான் காய்ப்பு அதிகம்.

"அந்தப் பக்கம் வேணாங்க!" என்று கீழேயிருந்து கத்தினாள்.

"பாத்துக்கறேன் புள்ள."

அவன் கால் வைத்ததும் கிளை முறிந்து கம்பியின் மேல் விழுந்தது. கம்பி அறுந்தது. மாயவன் அதோடு சேர்ந்து மண்ணில் விழுந்தான். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

புளி பொறுக்கிக்கொண்டிருந்த அவன் தம்பி பச்சியப்பன் அலறிக்கொண்டு ஓடினான். நஞ்சம்மாள் குறுக்கே பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"உடுங்கண்ணி! அண்ணன் சாவறாரு!"

"தொட்டா நீயும் சாவ! காரிமங்கலத்துக்கு ஓடு, கரண்ட நிறுத்தச் சொல்லு!"

அவன் அவள் முகத்தில் அறைந்தான். உதடு கிழிந்தது, பிடி தளரவில்லை. கடைசியில் அழுதுகொண்டே ஊரைப் பார்த்து ஓடினான்.

சத்தம் கேட்டு வந்த சனத்தை அவள் கையில் கிடைத்த கழியை ஓங்கி விரட்டினாள். அண்டியவரையெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டாள், வைதாள். அதற்குள் மாயவனிடம் அசைவு நின்றிருந்தது. கரண்டை நிறுத்திவிட்டு ஆட்கள் வந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

"கட்டுனவன் துடிக்கறான், வேடிக்க பாத்தியாடி?" என்று மாமியார் மார்பில் அடித்துக்கொண்டாள். அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவியது. கிணற்றடியில் அவள் வந்தால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். பச்சியப்பன் அவள் இருந்த பக்கம் திரும்பவேயில்லை. தானும் போய்ப் புருஷன் மேல் விழுந்திருக்கலாம் என்று அவளுக்கே பலமுறை தோன்றியது. சோறு இறங்கவில்லை.

பின்னாளில் பச்சியப்பனுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்தது. ஒருநாள் அவன் மனைவி ரோசம்மாள் கைக்குழந்தையோடு வந்து, நஞ்சம்மாளின் மடியில் அதைக் கிடத்தினாள்.

"அவரு வரமாட்டேங்கறாரு. நீங்க அன்னிக்குப் புடிக்கலன்னா இந்தக் கொழந்த ஏது, அக்கா?"

நஞ்சம்மாள் குழந்தையின் தலையை வருடினாள்.

"ஏன் தொடலன்னு எல்லாருங் கேட்டாங்க, ரோசா. தொடணும்னு எனக்கு எப்பிடி இருந்துச்சுன்னு ஒருத்தருங் கேக்கல."

குழந்தையை அணைத்துக்கொண்டு குரலெடுத்து அழுதாள். ரோசம்மாள் பொழுது சாயும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.