கார் கடனோடு விமானம் ஏறலாமா?

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாடு கிளம்புகிறவனுக்கு உள்ளூரில் கார் கடன் பாக்கி இருந்தால், விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை நீட்டியதுமே கம்ப்யூட்டர் அலறும், போலீஸ்காரர்கள் ஓடி வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் போவார்கள் என்று, பி.காம். படித்த நான் ஐம்பது வயதுக்கு மேல் மனதார நம்பினேன். அதுவும் தவணை தவறியவனைப் பற்றி அல்ல, ஒரு மாதம்கூட விடாமல் கட்டி வந்த என்னைப் பற்றி!

இது நடந்தது கொல்கத்தாவில், இரண்டு வருடங்களுக்கு முன்பு. துர்கா பூஜைப் பந்தல்களுக்கு மூங்கில் வந்து இறங்கிக்கொண்டிருந்த சமயம். நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கம்பெனி எங்கள் பிரிவையே இழுத்து மூடிவிட்டது. நரைத்த மீசைக்காரனை இங்கே யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? மஸ்கட்டில் ஒரு கிடங்கில் கணக்கு பார்க்கும் வேலை கிடைத்தது. குடும்பத்தைக் கூட்டிப்போக வழியில்லை. நியூ டவுன் ஃபிளாட்டில் மனைவியும், எங்களோடு இருக்கும் மாமனாரும் தங்குவதாக ஏற்பாடு.

மாமனாருக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், பைபாஸ் ரோட்டுப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அதற்காகத்தான் கடன் போட்டுக் கார் வாங்கினோம். அதற்காகத்தான் என் மனைவி நாற்பத்தேழு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஒரே மாதத்தில் என்னைவிட நன்றாக ஓட்டினாள். நான் பிரேக்கைத் தேடும் நேரத்தில் அவள் பார்க்கிங்கே போட்டு முடித்துவிடுவாள்.

ஒழுங்கான மனிதன் மாதிரி பேங்குக்குப் போய்த்தான் முதலில் கேட்டேன். கடன் பிரிவில் இருந்த வங்காளப் பெண் அதிகாரி, என் நெற்றி வியர்வையைப் பார்த்துவிட்டு ஃபேனை என் பக்கம் திருப்பினார். சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள், மாதாமாதம் அதில் பணம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், தவணை தானாகப் போய்விடும், கார் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், உங்கள் மனைவி ஓட்டட்டும் என்றார். "நிம்மதியா போங்க தாதா, எத்தனையோ பேர் இப்படித்தான் போறாங்க" என்று, வங்காள வழக்கப்படி என்னை அண்ணனாக்கி, ஹிந்தியில் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அதோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. நாலு தலைமுறை இந்த ஊரில் இருந்தாலும் எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஆபீஸில் யார் என்ன சொன்னாலும், அதை நம்மாள் ஒருவர் தமிழில் சொல்லாதவரை மனசு ஒப்பாது.

காளிகாட் மெட்ரோ பக்கத்துச் சந்தில், நாங்கள் காபிப் பொடியும் அப்பளமும் வாங்கும் தமிழ்க் கடை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஒரு சபை கூடும். அதில் ஒருவரை எல்லாரும் 'செக்ரட்டரி சார்' என்போம். எந்தச் சங்கத்துக்குச் செக்ரட்டரி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பேங்க் அம்மாள் சொன்னதை அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சாவு வீட்டில் பார்ப்பதைப் போன்ற பார்வை.

"அவளுக்கென்ன சார், சொல்லிட்டுப் போயிடுவா. ஏர்போர்ட்ல நிக்கப்போறது நீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், லோன் வெச்சுக்கிட்டு துபாய் கிளம்பினார். பிளேன் படிக்கட்டுல ஏறினவரை இறக்கிட்டாங்க. பொட்டி மட்டும் துபாய் போச்சு."

பொட்டி மட்டும் துபாய் போன அந்தக் காட்சி என்னைப் பிடித்துக்கொண்டது. கடன் கணக்கின் நகலை எடுத்து சட்டைப் பையில் ஒன்று, பேன்ட் பையில் ஒன்று, பெட்டியில் ஒன்று என்று வைத்தேன். குளியலறைக் கண்ணாடி முன் நின்று, "சாப், மை சோர் நஹீ ஹூன்" என்று ஒத்திகை பார்த்தேன். வெளியே வந்தால் மாமனார் வாக்கரைப் பிடித்தபடி நின்றுகொண்டு, "மாப்ளே, உள்ள யார் திருடன்?" என்றார்.

காரை விற்றுக் கடனை அடைத்துவிடுகிறேன் என்றதும் மனைவி கத்தினாள். "பேங்க்காரியே சொல்றா. அவளைவிட முறுக்கு திங்கிறவருக்கு அதிகமாத் தெரியுமா? வண்டி இல்லாம அப்பாவை எப்படிங்க கூட்டிட்டுப் போவேன்?"

"போன்ல டாக்ஸி ஆப் இருக்கு. தட்டினா வாசலுக்கு வண்டி வரப்போவுது" என்றேன். சொல்லும்போதே எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் பயந்தவனுக்கு நாக்கு மட்டும் தைரியமாக வேலை செய்யும்.

அவசரத்துக்கு யார் வாங்குவார்கள்? செக்ரட்டரி சார்தான் வந்தார். பேங்க் பாக்கியை அடைத்து, என் கையில் பூஜைக்குத் துணி எடுக்கிற அளவுக்கு ஏதோ கொடுத்தார். "எனக்கு எதுக்கு சார் காரு? உங்களுக்காகத்தான் வாங்குறேன்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினேன். பெயர் மாற்றும் வேலையை மட்டும் மின்னல் வேகத்தில் அவரே முடித்தார். மனைவி சாவியைக் கொடுக்க வரவில்லை. அடுப்படியில் நின்று பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கிளம்பும் நாளில் விமான நிலையத்துக்கு அவரே கொண்டுவிட்டார், என் காரில். வழியெல்லாம் "பிக்கப் கொஞ்சம் கம்மி சார்" என்று என்னிடமே குறை சொன்னார்.

இமிகிரேஷன் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். வேலைக்கா என்றார், தலையாட்டினேன். முத்திரை விழுந்தது. அவ்வளவுதான். ஆனால் பட்ட பாடெல்லாம் வீணாகக் கூடாதே! "சார், கார் லோன் முழுசும் அடைச்சிட்டேன்" என்று ஹிந்தியில் நானாகச் சொன்னேன்.

"எந்தக் கார்?" என்றார் அவர். பிறகு என் தலைக்கு மேலாகப் பார்த்து, "நெக்ஸ்ட்" என்றார்.

மஸ்கட்டில் என் அறையில் இருந்த எல்லாருக்கும் ஊரில் கடன் இருந்தது. வீட்டுக் கடன், வண்டிக் கடன், ஒருவருக்கு டிராக்டர் கடன். என் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். நடித்துக்கூடக் காட்டினேன். அப்போது அது சிரிக்கிற கதையாகத்தான் இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை. நியூ டவுன் ரோட்டில் முழங்கால் தண்ணீர். மனைவி ஆப்பில் வண்டி கூப்பிட்டாள். ஒப்புக்கொண்ட டிரைவர்கள் ஒவ்வொருவராக ரத்து செய்தார்கள். போனில் பேசிய ஒருவர், பேஷன்ட் என்று கேட்டதுமே வைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் செக்ரட்டரி சாரைக் கூப்பிட்டிருக்கிறாள். "அடடா, வண்டி கார்டன் ரீச்ல மச்சான் வீட்ல நிக்குதேம்மா. இந்த மழையில எடுத்தா இன்ஜின்ல தண்ணி ஏறிடும்" என்றாராம்.

அன்று மாமனாருக்கு டயாலிசிஸ் நடக்கவில்லை. மறுநாள் நுரையீரலில் நீர் கோத்து, ஆம்புலன்ஸில் கொண்டுபோய் ஐசியுவில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அதன் பிறகு அவர் கட்டிலைவிட்டு எழுந்து நடக்கவில்லை.

மனைவி இதையெல்லாம் போனில் ஒன்றுவிடாமல் சொன்னாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டுவாள் என்று இன்றும் காத்திருக்கிறேன். காரை விற்ற அன்று அந்தக் கடனுக்கு மிச்சம் இருந்தது ஏழே ஏழு தவணை.