கடற்கரைக் காணியும் கிணற்றுப் பங்கும்

2013ஆம் ஆண்டு, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் நடந்தது இது. நாங்கள் அப்போது பாரிஸுக்கு வெளியே, விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான கூசேன்வில்லில் இருந்தோம். கணவருக்கு விமான நிலையத்தில் வேலை; எனக்கு ஓர் உணவகச் சமையலறையில். யுத்தம் முடிந்ததிலிருந்து, யாழ்ப்பாணத்தில் கடற்கரையோரம் ஒரு காணி வாங்கி வயதான காலத்தில் போய் இருக்க வேண்டும் என்பது கணவரின் ஆசை. எனக்கு ஆசையைவிடப் பயம்தான் கூட. ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்ற கதைகளைக் கேட்டுக் கேட்டு, எல்லாரையும் சந்தேகப்படுகிற ஆளாகிவிட்டிருந்தேன்.

கணவரின் ஊர்க்காரர் ஒருவர் தரகராக வந்தார். வெள்ளை மணல், பனைகள், கல்லால் கட்டிய கிணறு என்று படங்கள் காட்டினார். "கடலுக்குப் பக்கத்தில இப்பிடி நல்ல தண்ணிக் கிணறு கிடைக்காது தங்கச்சி" என்றார். காணி ஒரு பெண்ணின் சீதனம். அவர் லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்தார். பிள்ளைகளோடு ஒற்றை அறையில் இருந்தபடியால், காணியை விற்றுப் புறநகரான வில்லியே லே பெல்லில் ஒரு வீட்டுக்கு முற்பணம் கட்ட நினைத்திருந்தார்.

ஒரு ஞாயிறு பின்னேரம் தேநீர்க்கடையில் சந்தித்தோம். அந்தப் பெண் என் முகத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நான் அவரிடம் கேட்ட எல்லாவற்றுக்கும் தரகர்தான் பதில் சொன்னார். நாங்கள் கூசேன்வில் வீட்டை வாங்கியபோது, விமானச் சத்தம் உட்பட ஒவ்வொரு குறையையும், உறுதி எழுதும் நொத்தேர் எங்களுக்கு அலுக்கும்வரை வாசித்துக் காட்டியிருந்தார். இந்தக் காணிக்கு மட்டும் ஒரு குறையும் இல்லையாம். எனக்கு அது பிடிபடவில்லை.

"அக்கா, அந்தக் கிணத்துத் தண்ணியில நீங்கள் தேத்தண்ணி குடிச்சிருக்கிறியளோ?" என்று கேட்டேன்.

"அது... அந்தக் கிணறு..." என்று அவர் தடுமாறினார். "அவ ஊரைவிட்டு வெளிக்கிட்டு எவ்வளவு காலம், என்னத்தை ஞாபகம் இருக்கும்" என்று தரகர் சிரித்தார்.

எனக்கு அதுவே போதும். "இந்த மனிசி எங்களை ஏமாத்தப் போகுது. தரகருக்கும் ஒண்டும் தெரியாது, பாவம்" என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே ரயிலுக்கு நடந்தேன்.

"தங்கச்சி, நில்லுங்கோ!" என்று பின்னால் குரல். அந்தப் பெண்தான், மூச்சு வாங்க ஓடி வந்தார். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்தேன்.

"அது என்ரை கிணறு மட்டும் இல்லை. பக்கத்துக் கடற்தொழில் சனத்துக்கும் அதிலை பங்கு இருக்கு. அவையள் தண்ணி அள்ள வாற பாதையும் என்ரை காணி வளவுக்குள்ளாலைதான். கடல் பக்கம் வீடு கட்ட அரசாங்கமும் விடாது. சொன்னா ஒருத்தரும் வாங்கமாட்டினம் எண்டு தரகர்தான் என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னவர்."

"பிறகு ஏன் இப்ப சொல்லுறியள்?"

"அந்தத் தண்ணி குடிச்சு வளந்தனான். நீங்கள் அப்பிடிக் கேட்டாப் பிறகு பொய் சொல்ல வாய் வரேல்லை."

அப்போதும் நான் நம்பவில்லை. வேறு யாரோ கூட விலை சொல்லியிருப்பார்கள், எங்களை வெட்டிவிடப் பார்க்கிறா என்றுதான் நினைத்தேன். ஊரிலிருந்த கணவரின் மச்சானைப் போய்ப் பார்க்கச் சொன்னோம். அவர் கிணற்றடியிலிருந்தே தொலைபேசி எடுத்தார். பெண்கள் வரிசையில் நின்று தண்ணீர் அள்ளுகிறார்களாம். அந்தப் பக்கத்தில் உப்புச் சவர் இல்லாத கிணறு அது ஒன்றுதானாம். பிறகு அவர் அரசாங்கக் கந்தோரில் விசாரித்தபோது, கடல் பக்கம் வீடு கட்ட முடியாது என்பதும் உண்மை என்று தெரிந்தது; ரோட்டுப் பக்கம் மட்டும் கட்டலாமாம்.

கணவர் இதைப் பற்றித் தரகரிடம் தொலைபேசியில் கேட்டார். "வாங்கிப்போட்டு மதிலைக் கட்டுங்கோ தம்பி. அவையள் எங்கை வழக்குக்குப் போறது?" அதே இனிமையான குரல். அந்தக் காணிக்காகத் துடித்த என் கணவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

தரகரை விலக்கிவிட்டு அந்தப் பெண்ணிடமே காணியை வாங்கினோம். அயலவரின் கிணற்றுப் பங்கையும் பாதையையும் காணி உறுதிப் பத்திரத்தில் தெளிவாக எழுதச் சொன்னோம். விலை கொஞ்சம் குறைந்தது, அவர் மறுக்கவில்லை. வில்லியே லே பெல்லில் அவருக்குச் சின்னதாக ஒரு வீடும் அமைந்தது.

அடுத்த ஆண்டு ஊருக்குப் போனேன். கிணற்றடியில் நின்ற பெண்கள் என்னைக் கண்டதும் வாளிகளோடு ஒதுங்கினார்கள். "பாதைக்குக் கேற் போட்டுப் பூட்டப் போறியளோ?" என்று ஒருத்தி கேட்டாள். இல்லை என்றேன். நம்பாமல் நின்றார்கள். நான் தள்ளிப் போய் நின்ற பிறகுதான் வாளி உள்ளே இறங்கியது.

சந்தேகப்படுகிற குணம் என்னை விட்டு இன்னும் போகவில்லை; ஆனால் ஒருவர் சொல்லத் தெரியாமல் தடுமாறும்போது, அவரைக் கள்ளர் என்று முடிவு கட்டுவதற்கு முன் அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க அந்தச் சேலைக்கடை அக்காவிடம்தான் கற்றுக்கொண்டேன்.